சைமி அம்மாள் ஊரில் இல்லை

வாசல் மணி ஒருமுறை அடித்தது. சைமி நகரவில்லை.

நாடக அரங்கில் மூன்றாவது மணிக்குத்தான் திரை தூக்குவார்கள். நாற்பத்தாறு வருஷத்தில் அதற்கு முன்னால் ஒருநாளும் அவள் ஜனங்களுக்கு முகம் காட்டியதில்லை. சொந்த வீட்டுக் கதவுக்காக அந்தக் கௌரவத்தை விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

காலைப் பத்திரிகையில் அவளே கொடுத்த அறிவிப்பு வந்திருந்தது. "நடிகை சைமி லிந்துகங்காஸுக்கு இன்று எழுபது வயது. வெளிநாட்டுப் பயணத்தில் இருக்கிறார்."

தம்பெரே நகரத்தில் ஐம்பதோ அறுபதோ எழுபதோ ஆகிறவர்கள் வாழ்த்த யாரும் வரவேண்டாமென்று பத்திரிகையில் இப்படிப் போடுவது வழக்கம். பாதிப் பேர் நிஜமாகவே ரயிலேறிவிடுவார்கள். மீதிப் பேர் திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். இருதரப்பையும் யாரும் தொந்தரவு செய்வதில்லை.

அதெல்லாம் மாவு மில்காரர்களுக்கும் பல் டாக்டர்களுக்கும். முப்பத்தொரு படத்தில் நடித்தவளை ஜனங்கள் விட்டுவிடுவார்களா? கதவை உடைத்துக்கொண்டாவது வருவார்கள்.

அதற்காகக் காப்பியும் ஏழு வகைப் பலகாரமும் மேசையில் தயார். கழுத்தில் முத்துமாலை. "ஐயோ, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!" என்பதைக் கண்ணாடி முன் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று.

காலையிலிருந்து ஈ காக்கை வரவில்லை. இப்போதுதான் இந்த மணி.

இரண்டாவது மணியும் அடித்தது.

சைமி கதவுக் கைப்பிடியில் விரலை வைத்துக்கொண்டு மூன்றாவதற்குக் காத்திருந்தாள்.

அது அடிக்கவில்லை.

"ஆள் இல்ல. நான்தான் சொன்னேனே." நாடக அரங்கத்தின் நிர்வாகி தூரேயின் குரல்.

"காப்பி வாசனை வருதே சார்?" இது இயக்குநர் இல்மோ. சின்னப் பையன், நாற்பதுகூட ஆகவில்லை.

"எதிர்வீடா இருக்கும்யா. பேப்பர்ல பொய்யா போடுவாங்க? புது வேஷம்னா மூத்தவங்ககிட்ட முதல்ல கேக்கணுங்கறது நம்ம அரங்கத்து முறை. வந்து கேட்டாச்சு. இல்லாத நாளாப் பாத்து வந்ததே அதுக்குத்தானே. நாளைக்கு ஹில்காகிட்ட பேசிடு."

"அதான் சரி. நாடகத்துல, செத்துப்போன மாலுமி உயிரோட இருக்கான்னு அவன் பொண்டாட்டி ஊரையே நம்ப வைக்கணும். இவங்க சொன்னா எவன் நம்புவான்? கடைசி வரிசைக்குக்கூட பொய்னு தெரிஞ்சிடும்."

சைமிக்கு வேஷம் கிடைத்து நான்கு வருஷமாகிறது. கடைசியாக வந்தது, ஏரிக்கரைக் கோடை நாடகத்தில், கொசுக்கடியில், ஒரு தபால்காரனின் மாமியார்.

கதவைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் வேஷம் ஹில்காவுக்கு.

கொண்டுவந்த பூங்கொத்தைக் கதவில் செருகுவதா, தூரேயின் மனைவிக்குக் கொண்டுபோவதா என்று அவர்கள் பேசி முடிப்பதற்குள், சைமி கோட்டை மாட்டி, தொப்பியை அழுத்தி, அலமாரி மேலிருந்த காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு சமையலறைப் பின்படியில் இறங்கிவிட்டாள். முற்றத்துப் பனியில் விழுந்தடித்து ஓடி, கட்டடத்தைச் சுற்றி வந்து, தெருமுனையில் மூச்சை அடக்கிக்கொண்டு, மகாராணி மாதிரி நடந்தாள்.

இருவரும் வெளியே வந்தார்கள்.

"அடடே, தூரே! இப்பத்தான் கோபன்ஹேகன்லேர்ந்து வந்து இறங்கறேன். பேப்பர்ல போட்டாலும் விடமாட்டேங்கறீங்களே!"

தூரேயின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பூங்கொத்தை நீட்டினார்.

இல்மோதான் கேட்டான். "கடல் எப்படி இருந்துச்சு சைமியம்மா?"

சைமி சொன்னாள். கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்ததை, சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகள் உருண்டோடியதை, ஸ்வீடன் நாட்டுப் பாதிரியார் ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று அழுததை. பாதிரியாரை அவள் சமாதானப்படுத்திய இடத்தில் தூரே தன்னையறியாமல் விளக்குக் கம்பத்தைப் பற்றிக்கொண்டார்.

இல்மோ கடைசிவரை தலையைக் குனிந்தபடியே கேட்டான். பெரிய கலைஞர் முன்னால் எப்பேர்ப்பட்ட பையனுக்கும் தலை தானாகக் குனியும். அவளுக்குப் பழக்கம்தான்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு ஒத்திகை," என்றான். "மாலுமி பொண்டாட்டி வேஷம் உங்களுக்குத்தான்."

தூரே ஏதோ சொல்ல வாயெடுத்தார். இல்மோ அவர் காலை மிதித்தான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் சைமி. பிறகு, அவன் நிஜமாகவே யோசிக்க விட்டுவிடப் போகிறானே என்ற பயத்தில், "யோசிச்சிட்டேன். வர்றேன்" என்றாள்.

ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல் மாடியேறினாள். யாரும் கைதட்டாதது ஒன்றுதான் குறை. கதவைத் திறந்து, அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்வதுபோல், உள்ளே கால் வைக்கும் முன் காலணியைக் கழற்றக் குனிந்தாள்.

காலில் குஞ்சம் வைத்த சிவப்புக் கம்பளிச் செருப்பு. வீட்டுக்குள் மட்டும் போடுவது. பனியில் ஊறிக் கனத்திருந்தது.

இல்மோ அவ்வளவு நேரமும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.