அட்டையில் இல்லாத பெயர்

மோர்மோன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்த அண்ணன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி தங்கையிடம் ஓர் அட்டையை நீட்டினார். “இயேசு, பேதுரு, எங்க சபையை ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித்... கடைசியா என் பேரு. ஒருத்தர் தலையில ஒருத்தர் கை வச்சு வந்த ஆசாரிய அதிகாரம், ஆண்டவர் பேர்ல ஜெபிச்சு ஆசீர்வதிக்கிற உரிமை!”

தங்கை விடவில்லை. “பைபிள்ல வர்ற பழைய ஆசாரியர் மெல்கிசேதேக்கு முறைன்னுதானே சொல்றீங்க? அவருக்கு வம்ச வரலாறே இல்லைன்னு எபிரெயர் நிருபத்துல இருக்கே. உங்களுக்கு மட்டும் எதுக்குண்ணே பட்டியல்? விசுவாசிக்கிற எல்லாருமே ஆசாரியர்னு பேதுருவே எழுதிட்டாரு.”

“பொம்பளைங்களுமா? எங்க சபையில ஆம்பளைங்க மட்டும்தான்.”

“எல்லாரும்னா எல்லாரும்தான்!”

நர்ஸ் கதவைத் திறந்தாள். “ஆபரேஷனுக்கு நேரமாச்சுங்க.”

தலையில் கை வைத்து ஜெபிக்க வருவதாகச் சொன்ன சபை மூப்பர் இன்னும் வரவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்த அண்ணன், தங்கையின் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

“எல்லாரும்னுதானே சொன்ன? பண்ணு.”

அதுவரை வாய் ஓயாதவளுக்கு, “ஆண்டவரே” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.