மேடாகும் வீடு

மழைக்கு முன்னால் மும்பை தாராவியில் எல்லோரும் வீட்டுத் தரையை மேடாக்குவார்கள். அடியில் இருப்பது பழைய சதுப்பு. வருஷா வருஷம் அமுங்கும். சுடலையின் மகள் ஷர்மிளாவுக்குப் பிள்ளை பிறந்து பதினோரு நாள். அதற்கு ஈரம் ஆகாது என்று அவர் பத்து மூட்டை கட்டட இடிகல் கொட்டித் தரையை இறுக்கினார்.

மறுநாள் காலையில் தரை இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது.

"எவன் கொட்டுனான்?" என்றார்.

"சும்மா வந்ததுக்குக் கேள்வி கேக்கியளே," என்றாள் மனைவி தங்கமயில்.

மழை பிடித்தது. சந்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. இவர்கள் வீட்டில் ஒரு சொட்டு இல்லை.

"ஒங்க வீடு பணக்காரவுக இருக்க மலபார் ஹில்லுல்லா ஆயிட்டு, மதினி," என்று பக்கத்து வீட்டு மாரீஸ்வரி தன் அரிசி மூட்டையைக் கொண்டுவந்து வைத்தாள்.

கடல் ஏறும்போதெல்லாம் தரையும் ஏறியது. மூலையில் நண்டு நடந்த தடம் இருந்தது. உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலைத் தங்கமயில் தினமும் உயர்த்திக் கட்டினாள்.

ஐந்தாம் நாள் தரைக்கும் உத்தரத்துக்கும் நடுவே முழங்கால் உயரமே இருந்தது; சுடலை தவழ்ந்துதான் உள்ளே வந்தார். வெளியே தண்ணீர் கழுத்தளவு.

"இன்னும் கொஞ்சம் ஏத்திக் கட்டு."

"எங்கன கட்ட?" என்றாள் தங்கமயில்.

தொட்டிலில் பிள்ளை தூங்கியது. அதன் முதுகு தரையில் பட்டிருந்தது.