முன் சக்கரத்து பிரேக்

எதிர்வீட்டு தசரதன் பெயரைக்கூட வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று ஆதிமூலம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

காரணம், ஒரு ஜோடி பிரேக் ஷூ.

பேகோபுரத் தெருவில் இரண்டே இரண்டு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்கள். பட்டாளத்தில் கழித்துவிட்டு ஏலம் போட்டவை. ஒன்று தாலுகா ஆபீஸ் ஆதிமூலத்துடையது, இன்னொன்று டிரில் மாஸ்டர் தசரதனுடையது. ஒரு ஸ்பேர் வேண்டுமானால் மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய இரும்புக் கடைகளைக் கிளறித்தான் எடுக்க வேண்டும். அப்படி அலைந்து அலைந்தே இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள்.

அங்கே ஒரு கடையில், உள்ளே அழுந்திச் சக்கரத்தை நிறுத்தும் முன் சக்கரத்து பிரேக் ஷூவுக்கு ஆதிமூலம் சொல்லி வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் போன தசரதன், அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆதிமூலத்துக்கு வந்ததே கோபம். நடுத்தெருவிலேயே மறித்துக்கொண்டார்.

"நான் சொல்லி வெச்ச சாமானை அடிச்சிக்கினு வந்துட்ட. உனக்கெல்லாம் மாஸ்டர்னு ஒரு பேரு."

"அது இல்ல ஆதிமூலம்..."

"பேசாத. இன்னியோட சரி."

தசரதன் கைப்பையோடு தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ரோஷத்தில் ஆதிமூலம் தேய்ந்துபோன பழைய ஷூவிலேயே புது லைனிங் பட்டை வெட்டி வைத்து, தானே ரிவெட் அடித்தார்.

"தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து அடிக்கக் கூடாதா?" என்றாள் மனைவி சரோஜா.

"இது என்ன ராக்கெட்டா?"

பௌர்ணமியன்று சாயந்திரம் அதை மாட்டி, சக்கரத்தை முடுக்கிவிட்டு, சரோஜாவோடு மலை சுற்றப் போனார். மகள் வள்ளியும் மருமகன் இராமலிங்கமும் மறுநாள் வண்டியில் ஜவ்வாது மலை மேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் போவதாக ஏற்பாடு. மாப்பிள்ளைக்கு அங்கே மாற்றல், வீடு பார்க்க வேண்டும். காலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்றுதான் ஆதிமூலம் நினைத்திருந்தார். ஆனால் மலை சுற்றி வந்த அசதியில் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டார். எழுந்தபோது வண்டி போயிருந்தது.

பல் விளக்கிவிட்டுப் பின்கட்டில் ஸ்பேனர்களை ஒழுங்கு பண்ணப் போனவர், கோணிக்கு அடியில் கிடந்ததைப் பார்த்துக் கல்லாய் நின்றுவிட்டார்.

பிரேக் ஷூ. அவர் அடித்த அதே கோணல் ரிவெட்.

"சரோஜா, ஷூ இங்க கிடக்குது. அப்போ சக்கரத்துல என்ன இருக்குது?"

"மாட்டினேன்னு சொன்னீங்களே."

"மாட்டினேன்னுதான் நெனைச்சேன்."

மாட்டும் வேலையில் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போனது நினைவுக்கு வந்தது. ஷூவை வைக்காமலே நட்டை முடுக்கிவிட்டோமோ? ஜவ்வாது மலை ரோடு எப்படி வளைந்து இறங்கும் என்று அவருக்குத் தெரியும்.

"ஓடிப் போய்ப் புடிங்க" என்று சரோஜா அழ ஆரம்பித்துவிட்டாள்.

எதில் ஓடுவது? தெருவில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு வண்டி. ஆதிமூலம் மானத்தை விழுங்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"மாஸ்டர், உங்க வண்டியைக் கொஞ்சம் எடுங்க. முன் பிரேக் இல்லாம பசங்க மலைக்குப் போயிட்டாங்க."

தசரதன் அவர் கையில் இருந்த ஷூவைப் பார்த்தார். பதறவே இல்லை.

"பிரேக்கெல்லாம் புடிக்கும். நீ போய் சாப்பிடு."

"ஷூ என் கையில இருக்குது, கிண்டலா பண்றே?"

"இரு, சொல்றதைக் கேளு..."

ஆதிமூலம் கேட்கவில்லை. 'பெத்தவன் பதறும்போது நக்கல் பேசுறான், இவனும் ஒரு மனுஷனா' என்று மனசாரத் திட்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். மலைக்குத் திரும்பும் போளூர் வரை போய் விசாரித்தார். மோட்டார் சைக்கிள் எப்போதோ மலை ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். மேலே போகும் பஸ்ஸும் போய்விட்டிருந்தது. திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தார். அண்ணாமலையாருக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். பிறகு, குடும்பத்தோடு மொட்டை என்று அதை உயர்த்தினார்.

பொழுது சாயும் நேரத்தில் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. பி.எஸ்.ஏ. சத்தம். வள்ளி இறங்கிச் சேலையை உதறினாள். ஆதிமூலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகளின் தலையைத் தடவினார், வண்டியைத் தடவினார், மாப்பிள்ளையையும் தடவிவிட்டார்.

"மாமா, முன் பிரேக் பிரமாதம்" என்றான் இராமலிங்கம். "இறக்கத்துல ஒரு மாடு குறுக்கே வந்துடுச்சு. புடிச்சேன், அப்படியே நின்னுடுச்சு."

"ஷூ இல்லாம எப்படி மாப்பிள்ளை நிக்கும்?"

வள்ளி தயங்கினாள்.

"நீங்க மலை சுத்தப் போனப்போ எதிர்வீட்டு மாமா வந்தாருப்பா. மலையேறப் போற வண்டி, ஒருவாட்டி பார்த்துடறேன்னு சக்கரத்தைக் கழட்டினாரு. நீங்க அடிச்ச ரிவெட் கையால தொட்டாலே ஆடுச்சு. புதுப்பேட்டை ஷூவை எடுத்தாந்து மாட்டிட்டாரு. காலையில சொல்லலாம்னா நீங்க தூங்கினு இருந்தீங்க."

ஆதிமூலத்துக்கு நம்ப முடியவில்லை.

"தன் வண்டிக்குன்னு அடிச்சிக்கினு வந்ததை எதுக்கு என் வண்டிக்கு மாட்டுறான்?"

"அவர் வண்டிக்கு வாங்கலைப்பா. விட்டா வேற யாராவது தட்டிக்கினு போயிடுவாங்கன்னு உங்களுக்காகத்தான் வாங்கினாராம். அன்னிக்கு அதைக் குடுக்க நம்ம வீட்டுக்கு வரும்போதுதான், நடுத்தெருவுல நீங்க மறிச்சிக்கிட்டீங்களாம்."