பிரிக்காத மூட்டைகள்

மூச்சு வாங்க மூட்டையைச் சுமந்து வந்த மாமனார் தலை மறைந்ததும், அதை மாடிப்படிக்கு அடியில் தள்ளினாள் மருமகள். ஏற்கெனவே அங்கே இரண்டு கிடந்தன. ஒன்றையும் அவள் பிரிக்கவில்லை.

"இந்த வயசுல சுமந்துட்டு வர்றார். ஒரு பிடி எடுத்துத் தொட்டியில போட்டாத்தான் என்ன?" என்றான் கணவன்.

"சாக்குல என்ன எழுதியிருக்குன்னு பார்த்தீங்களா?"

பார்க்காமலே அவனுக்குத் தெரியும். அவன் அப்பா வேலை பார்த்த கம்பெனியின் பெயர்தான் அது. சதுப்பு நிலத்தில் தண்ணீரை வடியவிட்டு, அடியில் கிடக்கும் கறுப்பு மண்ணை வெட்டி, செடிக்கு உரமென்று மூட்டை கட்டி விற்கிற கம்பெனி. வெட்டும் இயந்திரத்தை ஓட்டியவர் அவர்.

அந்த மண் ஓர் அடி சேரப் பல நூறு வருஷம் ஆகும், வெட்டிப் போட்டால் அதற்குள் அடங்கிக் கிடக்கும் கார்பன் எல்லாம் காற்றில் கலந்து பூமியைச் சூடாக்கும் என்று, கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேஜையில் மாமனார் எதிரிலேயே அவள் சொல்லியிருக்கிறாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் மூட்டைகள் வர ஆரம்பித்தன. ஓய்வு பெற்ற மனிதருக்குப் பழைய கூட்டாளிகள் யாரோ கொடுத்து அனுப்புகிறார்கள், அவரும் வீம்புக்குக் கொண்டுவந்து போடுகிறார் என்று நினைத்தாள். பால்கனித் தக்காளிக்கு அந்த மண் கலக்காத உரமாகத் தேடிப் பிடித்து வாங்குகிறவள் அவள்.

"அந்த மண்ணுதான் என்னைப் படிக்க வச்சுது. ஞாபகம் வச்சுக்கோ," என்றான் கணவன்.

"அதனாலதான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அடுத்த முறை மாமனார் மூட்டையோடு வாசற்படி ஏறியபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க மாமா. இனிமே இது வேண்டாம். பழசையும் எடுத்துட்டுப் போயிடுங்க. எனக்கு மனசு ஒப்பலை."

கணவன் முகம் சுண்டிப்போயிற்று. மாமனார் மூட்டையை மெல்ல இறக்கி வைத்தார். மாடிப்படிக்கு அடியில் கிடந்தவை அப்போதுதான் அவர் கண்ணில் பட்டன.

"ஒண்ணைக்கூடப் பிரிச்சுப் பார்க்கலையாம்மா?"

"சாக்கைப் பார்த்ததே போதும் மாமா."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். கம்பெனியில் போட்ட தையல் இல்லை, கையால் கட்டிய சணல் கயிறு. உள்ளே அந்தக் கறுப்பு மண் இல்லை. பழுப்பாக, பொலபொலவென்று ஏதோ இருந்தது. அவள் ஒரு பிடி அள்ளினாள். மக்கிய இலை, முட்டை ஓட்டுத் துணுக்கு, டீத்தூள் சக்கை.

"நீ அன்னிக்குச் சொன்னதுலேர்ந்து வீட்டுக்குப் பின்னால குழி வெட்டி மக்க வைக்கிறேன்," என்றார். "சாக்கு மட்டும்தான்மா கம்பெனியோடது. வீட்டுல வேற சாக்கு கிடையாது."

அவளுக்குக் கை கூசியது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"காலம் பூரா அதைத் தோண்டியே பொழைச்சவன், நீ சொன்னதுதான் சரின்னு எந்த வாயால சொல்றது?"