மடங்கிய பக்கம்

சண்முகசுந்தரி அக்கா கரிவலம்வந்தநல்லூரில் பஸ் ஏறுவாள். அவளுக்காக இரண்டு பேர் சீட்டின் நடுவில் உட்கார்ந்து இடம் பிடித்து வருவேன். அவள் ஏறியதும் ஜன்னலோரம் நகர்வேன். சங்கரன்கோவில் வரும்வரை ராஜா ராணிக் காதல் நாவல்கள்தான் பேச்சு.

"ஏட்டி, இந்தம்மா எழுதுனத வாசிச்சுப் பாரு. சோறு தண்ணி தேடாது" என்று புத்தகத்தை நீட்டுவாள். அழுகை வரும் பக்கத்தின் மூலையை மட்டும் மடக்கியிருப்பாள். "இத வீட்ல போய் வாசி. பஸ்ல அழுது மானத்த வாங்காத."

தை மாதம் அக்கா நெஞ்சுவலியில் இறந்துபோனாள்.

ஆடித்தபசுத் திருவிழாக் கடையில் ஒரு நாவல் வாங்கினேன். அக்கா போன பிறகு வெளிவந்தது. பிளாஸ்டிக் உறையை நான்தான் பிரித்தேன். உள்ளே ஒரு பக்கத்தின் மூலை மடங்கியிருந்தது. அச்சகத்தில் மடங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் அந்தப் பக்கத்தை வீட்டில்தான் வாசித்தேன். இளவரசன் செத்துப்போனான். முந்தானை நனைந்துவிட்டது.

அடுத்து வாங்கிய நாவலிலும் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதற்கடுத்ததிலும்.

இன்றைக்குப் பிரித்த புத்தகத்தில், மடங்கிய பக்கத்தை ஆவல் பொறுக்க முடியாமல் பஸ்ஸிலேயே வாசித்தேன். சாவு இல்லை, பிரிவு இல்லை. போருக்குப் போன ராஜா திரும்பி வருகிறான், அவ்வளவுதான். 'இதுல அழ என்னக்கா இருக்கு?' என்று சிரித்துக்கொண்டேன்.

கரிவலத்தில் பஸ் நின்றது. யாரும் ஏறவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார்.

நிமிர்ந்து பார்த்தேன். நான் ஜன்னலோரம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன்.

பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதேன்.