யோகராணி வைத்த பொட்டு

"அந்தப் பொட்டை அழிச்சாத்தான் படம் மண்டபத்துக்குள்ள வரும். இது சங்கத்தோட முடிவு" என்றாள் வேதவல்லி. வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் புட்டியும் பழைய துணியுமாகவே வந்திருந்தாள். வாசலில் அவள் கணவர் வெங்கட்ராமன், இதில் தனக்குச் சம்பந்தமில்லை என்பதைப் போல ஹோல்டன் காருக்குள்ளேயே வியர்த்துக்கொண்டிருந்தார்.

1977இல், கடல் கடந்த அந்தக் கிளேட்டன் புறநகரில் தமிழ்க் குடும்பங்கள் குறைவு. ஆகவே ஒவ்வொரு வீட்டு விஷயத்தையும் கவனிக்க மற்ற வீடுகளுக்கு நிறைய நேரம் இருந்தது. சென்ற மார்ச்சில் யோகராணியின் கணவர் சிவபாலன் மாரடைப்பில் போனதும், இனி நெற்றியில் திருநீறு மட்டும்தான் என்று அவளுக்கு எடுத்துச் சொன்ன பெருந்தன்மையும் வேதவல்லியுடையதே.

இப்போது பொங்கல் விழாக் கண்காட்சிக்கு யோகராணி தன் முகத்தையே வரைந்திருந்தாள். அதுவும் பொட்டோடு. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு நாகேஸ்வரி "லேசாச் சிவப்பு" என்றுதான் சொன்னாள். அந்தச் செய்தி நாலு வீடு தாண்டி வேதவல்லியின் காதுக்கு வருவதற்குள் அது ரத்தச் சிவப்பாகியிருந்தது.

படம் வரவேற்பறைச் சுவரில் சாய்ந்து நின்றது. முகம் முழுக்கப் புள்ளிகள்.

"இதென்ன, பாசி பிடிச்ச மாதிரி? நெத்தி பூரா பச்சைப் புள்ளி."

"பிரெஞ்சு ஓவியர் சிலர் பிடிச்ச முறை அக்கா. நிறங்களைக் குழைக்காமல் புள்ளி புள்ளியாப் பக்கத்தில வைக்கிறது. தள்ளி நிண்டு பாக்கிறவையின்ர கண்ணே கலந்துகொள்ளும்."

"பொட்டு வெச்சுக்க பிரான்ஸ்லேர்ந்து சாட்சியா?"

யோகராணி பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பிப்பவள். கேள்வி என்று வந்துவிட்டால் விடமாட்டாள்.

"கேளுங்கோ. நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி பாரிசில ஒரு சாயப் பட்டறை. கறுப்பு நூல் வெளிறித் தெரியுது எண்டு ஒரே முறைப்பாடு. அங்கயிருந்த ஒரு இரசாயன அறிஞர் சோதிச்சுப் பாத்தால், சாயத்தில பிழையே இல்லை. பக்கத்தில இருந்த நிறங்களாலதான் அந்தக் கறுப்புக்குக் கெட்ட பேர். இந்த ஓவியர்மார் பிறகு அதைப் படிச்சுப்போட்டுத்தான் புள்ளி வைக்கத் தொடங்கினவை."

வேதவல்லி முறைத்தாள். "யாரைக் குத்திக் காட்டறே?"

"கறுப்பு நூலைப் பற்றித்தான் சொல்லுறன்."

"அந்த மனுஷன் போய் இன்னும் வருஷம் திரும்பலை. நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரில நீங்கள் எத்தனையாவது அக்கா?"

வெங்கட்ராமன் காரின் ஹாரனை ஒருமுறை அழுத்தினார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருக்கு அது பழக்கம்தான்.

"நான் ஒரு புள்ளியையும் அழிக்கமாட்டன்" என்றாள் யோகராணி. "படம் வந்தால் இப்பிடியே வரும். வேண்டாமெண்டால் நானும் வரமாட்டன். சங்கத்திலயிருந்து என்ர பேரை வெட்டிவிடுங்கோ."

"உன் பேரை எதுக்கு வெட்டணும்? நானே பொட்டைத் துடைச்சிட்டுப் போறேன்." வேதவல்லி புட்டியைத் திறந்து துணியை நனைத்தாள். வீடெல்லாம் டர்பன்டைன் நெடி.

யோகராணி தடுக்கவில்லை. மேசையில் கிடந்த பொங்கல் விழா அறிவித்தலை எடுத்துக் குழல்போலச் சுருட்டினாள்.

"துடையுங்கோ. ஆனால் சிவப்பை மட்டும்தான் துடைக்கவேணும். பச்சையில கை படக்கூடாது. முதல்ல இதுக்குள்ளால பாத்து, சிவப்பு எங்க இருக்கெண்டு காட்டுங்கோ."

வேதவல்லி ஒரு கண்ணை மூடி, குழல் வழியே அந்த நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். குழலை இறக்கினாள். பொட்டு சிவந்திருந்தது. மறுபடி குழலை வைத்தாள். நனைந்த துணி அவள் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க... சாம்பல் நிறம்தானே இருக்கு?"

"ஓம் அக்கா. நீங்கள் சொன்ன திருநீற்று நிறம்தான் வைச்சனான். சுத்திவரப் பச்சை இருந்தால் சாம்பல் சிவப்பாத் தெரியும்; குழல் அந்தப் பச்சையை மறைச்சுப்போட்டுது." யோகராணி அந்தத் துணியை மெல்ல வாங்கிக்கொண்டாள். "எனக்குப் பொட்டு வைச்சுவிட்டது நீங்கள்தான்."