கறுப்பு பீரும் பருப்பு வடையும்

கறுப்பு பீரைக் குடித்து முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. என் மனைவி கோமளவல்லி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பம் எப்பிடி இருக்கு?"

பொறு என்று கையைக் காட்டினேன். முப்பத்தோரு வருடம் தக்கலையில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அவசரப்பட்டு முடிவு எழுதும் பழக்கம் கிடையாது.

மேசையில் ரெக்கார்டு நோட்டு விரிந்து கிடந்தது. அட்டையில் ஆறுமுகப்பெருமாள், எம்.எஸ்சி., பி.எட். என்று முழுசாக எழுதியிருந்தேன். இடப்பக்கம் பென்சிலால் வரைந்த இரைப்பை. வலப்பக்கம் நோக்கம், செய்முறை, முடிவு. ஐந்தாவது சோதனைக்கு முடிவு மட்டும்தான் பாக்கி.

அந்த ஒரு வரியில் என் மிச்ச ஆயுளின் ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் இருந்தன.

ஞாயிறு மதியம் ஒரு பீர் என்பது என் வழக்கம். குடித்தால் வயிறு கொஞ்சம் உப்பும். பீர்தான் காரணம் என்பாள் அவள். எந்த வகை பீர் என்று பார்க்காமல் மொத்தமாகப் பழி போடுவது அறிவியல் ஆகாது என்பேன் நான். அவளுக்கு அறிவியல் பெரிதில்லை. அவளுடைய அண்ணன் குடித்துக் கல்லீரல் கெட்டு ஐம்பத்திரண்டு வயதில் போனவர். அந்தப் பயம் அவளை விட்டு இறங்கவே இல்லை.

துபாயிலிருந்து லீவில் வந்த மருமகன் ஸ்ரீஜித், மாமாவுக்கு என்று விமான நிலையத்தில் விதவிதமாக ஐந்து டின் வாங்கி வந்தார். அவற்றைப் பார்த்ததும் அவளே பந்தயம் வைத்தாள்.

"இதுல ஒண்ணாவது வயித்துக்கு ஒத்துக்கிடிச்சுன்னா நான் இனி வாயத் திறக்க மாட்டேன். ஒண்ணும் ஒத்துக்கிடலேன்னா நீங்க சாவுற வரைக்கும் தொடப்பிடாது."

நான் சம்மதித்தேன். ஞாயிற்றுக்கு ஒரு வகை. தொட்டுக்கொள்ள அவள் சுடும் பருப்பு வடை ஆறு. ஆறும் எனக்குத்தான், அவள் ஒன்றைக்கூடத் தொடமாட்டாள். ஆனால் சாட்சியாக எதிரே உட்காருவாள். கல்யாணமான நாளிலிருந்து, நான் குடிக்கும்போது அந்த அறைப்பக்கம் எட்டிப் பார்க்காதவள்.

முதல் வாரம் லாகர். வெளிறிய மஞ்சள், சாதுவாக இருக்கும் என்று நம்பி இறங்கினேன். வயிறு தவில் மாதிரி ஆயிற்று. கரியமில வாயு அதிகம் என்று எழுதினோம்.

இரண்டாவது கோதுமை பீர். கலங்கலாக இருந்தது, அடியில் ஈஸ்ட் நின்றது. அந்த ஈஸ்ட் என் வயிற்றுக்குள் போய்ப் புதிதாகத் தொழில் தொடங்கிவிட்டது.

மூன்றாவது ஸ்ட்ராங். நெஞ்சு எரிந்ததும் இல்லாமல் வயிறும் உப்பியது.

நாலாவது, ஹாப்ஸ் பூ தூக்கலாகப் போட்ட, ஏல் என்கிற கசப்பு பீர். அன்று மாலை வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொண்டு வந்தவள் கண் கலங்கிவிட்டாள். இத்தனை வருடம் கழித்து இவ்வளவு பாசமா என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று.

மிச்சமிருந்தது கறுப்பு பீர் ஒன்றுதான். அதன் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை உண்டு. வறுத்த பார்லி. கரியமில வாயு குறைவு, பாதிக்கு மேல் நைட்ரஜன். நுரை பாலாடை போல மெத்தென்று நிற்கும். பார்வைக்குத்தான் கஷாயம், வயிற்றுக்குப் பரம சாது.

"சொல்லுங்க. எழுதணும்லா."

கண்ணை மூடி வயிற்றைக் கவனித்தேன். பிறகு முகத்தைச் சுளித்தேன். வலிய ஓர் ஏப்பமும் விட்டேன்.

"இதுவும் சரிப்படலை, கேட்டியா. வாயு."

அவள் எழுதவில்லை. தட்டைப் பார்த்தாள். அதில் இரண்டு வடை மிச்சமிருந்தன. பிறகு என்னைப் பார்த்தாள்.

"உள்ளதத்தான் சொல்லுதியளா?"

"பின்ன பொய்யா?"

குனிந்து எழுதினாள். வாயு என்ற ஒரு சொல்லை எழுத அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

நாஞ்சில் நாட்டில் பிறந்தவனுக்குச் சக்கைக்குருவின் ருசி தெரியாமல் போகுமா? பலாக்கொட்டையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அதை அவித்து அரைத்து, பூண்டும் பெருங்காயமும் சேர்க்காமல் வடை சுட்டு ஆறு தின்றால், பச்சைத் தண்ணீர் குடித்தாலும் வயிறு உப்பும். நான்கு ஞாயிறும் பருப்பு வடை என்று சொல்லி அவள் வைத்தது அதுதான். முதல் கடியிலேயே கண்டுகொண்டேன். சொன்னால் அவள் எதிரே வந்து உட்காருவது நின்றுபோகும். அதனால் தின்றேன்.

இன்றைக்குத் தட்டில் இருந்தது அசல் பருப்பு வடை. பூண்டு, இஞ்சி, பெருங்காயம் எல்லாம் தாராளமாகப் போட்டிருந்தாள். போன வாரம் நான் முற்றத்தில் நடந்த நடையை அவளால் தாங்க முடியவில்லை. தோற்றாலும் பரவாயில்லை என்று காலையிலேயே பருப்பை ஊறப்போட்டிருக்கிறாள். அப்படிப்பட்டவளிடம் நான் எப்படி ஜெயிப்பேன்?

என் வயிறு குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது.

நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள். முடிவுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன். பிறகு தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

நான்கு வாரமும் ஒரு வடையைக்கூடத் தொடாதவள், வாங்கிக் கடித்தாள்.